திறப்பதும் மூடுவதும் ஒரே மாத்திரை

தமிழக அரசு 2023 நவம்பரில் சமுதாய அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதற்கட்டமாக நான்கு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவை அவை. இவற்றுள் பின்னிரண்டும் பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து 2019-இல் பிரிந்தவை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றையொட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் பெரும்பகுதி இவ்விரு மாவட்டங்களில்தான் அடங்கியிருக்கிறது.

முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும் பரிசோதிக்கப்படுகின்றன. நல்ல திட்டம். ஆனால், பரிசோதனை என்பது கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. கண்டுபிடித்த பின்னர் அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் வேதிச் சிகிச்சை, கதிர்வீச்சு என்று சில மாதங்கள் கழிகின்றன. அதற்கும் பிறகு, மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் பலருக்கு மருத்துவர் ஒரு சிறு மாத்திரையை எழுதித் தருகிறார். நாள்தோறும் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டுகள்.

காவேரிப்பாக்கத்தில் எங்கள் தெருவை அடுத்து வசிக்கும் பெண்மணி ஒருவர், காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் பணியாற்றியவர், அந்தச் சீட்டை என்னிடம் காட்டி, "கட்டியைத்தான் எடுத்துட்டாங்களே சார், இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்று கேட்டார். நான் மருத்துவனல்லன், கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். மருத்துவரிடம் கேட்கத் தயங்குவதை ஓய்வு பெற்ற பேராசிரியரிடம் கேட்பது நம் ஊர்களின் வழக்கம். அவருடைய கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்கான விடையில் அரை நூற்றாண்டு மருத்துவ வரலாறும், பொருளாதாரம் பயின்றோர் கவனிக்க வேண்டிய செய்திகள் சிலவும் இருக்கின்றன.

அந்த மாத்திரையின் பெயர் டமாக்சிஃபென். பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரோடு தொடர்புடையது. ஈஸ்ட்ரோஜனைக் கருவுறுதலோடு மட்டும் தொடர்புபடுத்திப் பார்ப்பது நம் வழக்கம். உண்மையில் மார்பகம், கருப்பை, எலும்பு, கல்லீரல், மூளை எனப் பல இடங்களில் அதற்கு வேலை உண்டு. எலும்பு கரையாமல் காப்பதும், இரத்தத்தில் கொழுப்பின் அளவை ஓரளவு கட்டுக்குள் வைப்பதும் அதன் பணிகளே. மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களுக்கு எலும்பு மெலிவது இதனால்தான்.

இரத்தத்தில் ஓடும் இந்த இயக்குநீர் எந்த உறுப்பில் வேலை செய்ய வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? 1950-களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் இதற்கு விடை கண்டார். கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளின் உடலில் செலுத்தி, அது எங்கே தங்குகிறது என்று பின்தொடர்ந்தார். கருப்பை போன்ற சில உறுப்புகளில் மட்டும் அது சேர்ந்து நின்றது. அவ்வுறுப்புகளின் செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் இருப்பது தெளிவாயிற்று. அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஏற்பி இருக்கும் செல்லுக்கு ஈஸ்ட்ரோஜனின் கட்டளை கேட்கும். இல்லாத செல்லுக்குக் கேட்காது. 1996-இல் ஸ்வீடனில் யான்-ஆகே குஸ்டாஃப்சனின் குழுவினர் இரண்டாவது வகை ஏற்பி ஒன்றையும் கண்டறிந்தனர்.

மார்பகப் புற்றுக்கட்டிகளில் பல, இந்த ஏற்பியை ஏராளமாகக் கொண்டவை. ஈஸ்ட்ரோஜனே அவற்றுக்கு உரம். எனவே ஏற்பியை வேறொரு பொருளால் நிரப்பிவிட்டால் ஈஸ்ட்ரோஜனுக்கு இடமில்லாமல் போகும். கட்டி பட்டினி கிடக்கும். டமாக்சிஃபென் செய்வது இதைத்தான். கட்டியை அகற்றிய பின்னரும் கண்ணுக்கோ கருவிக்கோ புலப்படாத சில செல்கள் உடலில் எங்கேனும் தங்கியிருக்கலாம். அவற்றை ஆண்டுக்கணக்கில் பட்டினி போடுவதற்காகவே ஐந்தாண்டு மாத்திரை. அந்தப் பெண்மணியின் கேள்விக்கான நேர் விடை இதுதான்.

இதுவரை பூட்டும் சாவியும் உவமையே போதும். இனிமேல் போதாது. ஏனெனில், மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே டமாக்சிஃபென், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொண்டு எலும்பைக் காக்கிறது. கல்லீரலிலும் அப்படியே, கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது, கூடவே இரத்தம் உறையும் தன்மையைச் சற்றே கூட்டிவிடுகிறது. கருப்பையின் உட்சுவரிலோ ஈஸ்ட்ரோஜனின் வேடத்தைப் பூண்டு அதை வளரத் தூண்டுகிறது. ஒரே மாத்திரை; ஓரிடத்தில் பகை, மற்றோரிடத்தில் உறவு.

எங்கள் ஊர் ஏரியை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் வருகிறது. ஏரிக்குள் இருப்பது ஒரே நீர்தான். ஆனால், ஒரு மதகு திறந்திருக்கிறது, மற்றொன்று அடைத்திருக்கிறது, வேறொன்று பாதி திறந்து கிடக்கிறது. எந்த மதகு எவ்வளவு திறக்கும் என்பது நீரைப் பொறுத்தது மட்டுமன்று; பலகையின் அமைப்பையும், அங்கே மதகைக் காப்பவரையும் பொறுத்தது. உடலிலும் இப்படித்தான். மருந்து சென்று பற்றியவுடன் ஏற்பியின் வடிவம் சிறிது மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் பற்றும்போது ஒரு வடிவம், டமாக்சிஃபென் பற்றும்போது வேறு வடிவம். அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் செல்லுக்குள் இருக்கும் துணைப் புரதங்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் சில மரபணுவை முடுக்குபவை, சில அடக்குபவை. மார்பகச் செல்லில் அடக்குபவை வலுவாக உள்ளன. கருப்பைச் செல்லில் முடுக்குபவை வலுவாக உள்ளன. இரு வகை ஏற்பிகள் எந்த விகிதத்தில் உள்ளன என்பதும் உறுப்புக்கு உறுப்பு வேறுபடுகிறது. இப்படி உறுப்பறிந்து நடக்கும் மருந்துகளைத் தேர்வு முறை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மாற்றிகள் என்கிறார்கள். பெயர் கரடுமுரடானதுதான், செய்தி எளிது.

டமாக்சிஃபென் உருவான கதை திட்டமிடுவோர் அனைவரும் படிக்க வேண்டியது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1962-இல் டோரா ரிச்சர்ட்சன் என்னும் வேதியியலாளர் இதைத் தயாரித்தார். ஆர்தர் வால்போல் தலைமையிலான அக்குழு தேடியது புற்றுநோய் மருந்தையன்று, கருத்தடை மாத்திரையை. எலிகளிடம் அது கருத்தரிப்பைத் தடுத்தது. பெண்களிடமோ கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டியது. கருத்தடைக்காகப் பிறந்த பிள்ளை கருத்தரிக்க உதவியது! மான்செஸ்டரில் உள்ள கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அதைச் சோதித்த முடிவுகள் 1971-இல் வெளிவந்தன. 1973-இல் பிரிட்டனிலும், 1977-இல் அமெரிக்காவிலும் அது புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. நிறுவனத்தின் வணிகப் பிரிவினர் இம்மருந்தால் பெரிய வருவாய் வராது என்றே கருதினர். அவர்கள் கணக்கைக் கேட்டிருந்தால் இது அலமாரியில் உறங்கியிருக்கும். வால்போலின் பிடிவாதமும், பின்னர் ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்தால்தான் பயன் என்று ஆய்வுகளால் நிறுவிய கிரேக் ஜோர்டனின் உழைப்பும் அதைக் காப்பாற்றின. ஜோர்டன் 2024-இல் மறைந்தார்.

ஏற்பியுள்ள கட்டி கண்டவர்கள் ஐந்தாண்டுகள் இம்மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டால், பதினைந்து ஆண்டு அளவில் பார்க்கும்போது மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பெற்ற முடிவு இது. நான் அறிந்தவரை, ஒரு தேநீரின் விலைக்குள் ஒரு நாளுக்கு இவ்வளவு பயன் தரும் பொருள் சந்தையில் வேறு அதிகமில்லை.

இந்தக் கதைக்கு நம் நாட்டில் ஓர் எதிரொலி உண்டு. அதைப் பலர் அறியார். லக்னோவில் 1951-இல் தொடங்கப்பட்ட மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம், நவாபுகளின் சத்தர் மன்சில் அரண்மனையில் நெடுங்காலம் இயங்கியது. அங்கே நித்யா ஆனந்த் தலைமையிலான அறிவியலாளர்கள் 1960-களில் கருத்தடைக்காக ஒரு சேர்மத்தை உருவாக்கினர். நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘சென்ட்ரல்’ என்பதன் முதற்பகுதியையும், வேதிக்கட்டமைப்பின் பெயரான ‘குரோமான்’ என்பதையும் சேர்த்து அதற்கு சென்ட்குரோமான் என்று பெயரிட்டனர். உலகப் பொதுப்பெயர் ஓர்மிலாக்சிஃபீன். டமாக்சிஃபெனைப் போலவே இதுவும் உறுப்பறிந்து நடக்கும் மருந்து. கருமுட்டை வெளிப்படுவதை இது நிறுத்துவதில்லை. கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கத் தயாராகும் காலமும், கரு அங்கே வந்து சேரும் காலமும் பொருந்தாதவாறு செய்துவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வுக்குப் பின்னர் 1991-இல் ‘சஹேலி’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் லேடெக்ஸ் அதைத் தயாரித்தது. 1995-இல் தேசியக் குடும்பநலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. பின்னர் ‘சாயா’ என்னும் பெயரில் அரசு மருத்துவமனைகள் வழியே விலையின்றி வழங்கப்படலாயிற்று.

வழக்கமான கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இயக்குநீர்கள் உண்டு. நாள்தோறும் விழுங்க வேண்டும். சஹேலியில் இயக்குநீர் இல்லை. உடலில் நெடுநேரம் தங்கும் தன்மையால் முதல் மூன்று மாதங்களுக்கு வாரம் இருமுறை, அதன்பின் வாரம் ஒருமுறை போதும். பாலூட்டும் தாய்மாரும் உட்கொள்ளலாம். இத்தனை நலன்கள் இருந்தும், நான்காம் பதிற்றாண்டிலும் இம்மாத்திரை நம் வீடுகளில் அறிமுகமாகவில்லை. தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் நாடியிருப்பது நிலையான அறுவை சிகிச்சையைத்தான். இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு பிள்ளைகள், உடனே அறுவை சிகிச்சை என்பது இங்கே எழுதப்படாத விதி. பிள்ளைப்பேறுகளுக்கு இடையே இடைவெளி விட விரும்பும் பெண்ணுக்குச் சொல்லப்படும் வழிகள் மிகக் குறைவு.

ஏன் இப்படி? மருந்தின் தன்மையிலேயே ஒரு காரணம் உண்டு. இதை உட்கொள்ளும் பெண்களில் சிலருக்கு, குறிப்பாகத் தொடக்க மாதங்களில், மாதவிடாய் தள்ளிப்போகும். உடலுக்கு இதனால் தீங்கில்லை. ஆனால், கருத்தடை மாத்திரை உட்கொள்பவளுக்கு நாள் தள்ளிப்போவதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை. முன்கூட்டியே யாரேனும் அமர்ந்து விளக்கியிருந்தால் அவள் தொடர்வாள். விளக்காவிட்டால் அடுத்த மாதமே நிறுத்திவிடுவாள். பொருளாதாரத்தில் இதைத் தகவல் சமச்சீரின்மை என்போம். மற்றொரு காரணம், விலை மலிந்த அரசு மருந்தைப் பற்றி மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்லத் தனியார் விற்பனைப் பிரதிநிதி எவரும் வருவதில்லை. லாபமில்லாத பொருளுக்கு விளம்பரமும் இல்லை. அரசே கண்டுபிடித்து, அரசே தயாரித்து, அரசே இலவசமாகத் தரும் பொருளை அரசே எடுத்துச் சொல்லவும் வேண்டும் என்பதை ஏனோ மறந்துவிட்டோம்.

சினைப்பை நீர்க்கட்டி நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்டை வீட்டுக்காரி உட்கொள்கிறாள் என்று கடையில் வாங்கி உட்கொள்ளத்தக்க மருந்தன்று இது. மிகுந்த உதிரப்போக்குக்கும் இதே மருந்தை மருத்துவர்கள் வேறு பெயரில், வேறு அளவில் எழுதுகிறார்கள் என்பதால் குழப்பம் நேர வாய்ப்புண்டு.

இக்குடும்பத்தில் வேறு சிலவும் உள்ளன. பிள்ளையில்லாதோர்க்குக் கருமுட்டையைத் தூண்டத் தரப்படும் குளோமிஃபென் நம் நகரங்களில் நன்கு அறிமுகமானது. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரலாக்சிஃபீன் முதுமையில் எலும்பைக் காக்கத் தரப்படுகிறது. மார்பகத்திலும் அது தடையாகவே நிற்கிறது. டமாக்சிஃபெனைப் போலக் கருப்பையைத் தூண்டுவதுமில்லை. ஆனால், இரத்தம் உறையும் ஆபத்து அதற்கும் உண்டு. எலும்பு, இதயம், மூளை அனைத்துக்கும் நன்மை, மார்பகத்துக்கும் கருப்பைக்கும் தீங்கில்லை என்னும் குறையற்ற மருந்து இன்றுவரை கிடைத்தபாடில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பாடத்தின் முதல் வகுப்பில் சொல்வதும் அதுதான்.

தோல் தொழில் வட்டாரத்தில் வாழ்பவன் என்பதால் இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எல்லார்க்கும் இடம் கொடுக்கும் சத்திரம் போன்றது. 1991-இல் அமெரிக்காவில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் ஆகியோரின் ஆய்வகத்தில், ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத குடுவைகளிலும் மார்பகப் புற்றுச் செல்கள் பெருகத் தொடங்கின. காரணம் தேடியபோது, பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் என்னும் வேதிப்பொருள் ஈஸ்ட்ரோஜனைப் போல ஏற்பியைப் பற்றியது தெரியவந்தது. தோல் பதனிடுவதில் கொழுப்பை நீக்கப் பயன்பட்டுவந்த ஒருவகைச் சலவைப் பொருள்கள் சிதையும்போதும் உண்டாவது இதே நோனைல்ஃபீனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் கொண்டுவந்த விதியால் தோல் தொழிலில் அப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஏற்றுமதியை நம்பியிருக்கும் நம் ஆலைகளுக்கும் அந்த விதி வந்து சேர்ந்தது. இதைக்கொண்டு இன்னாருக்கு இன்ன நோய் இந்தக் கழிவுநீரால் வந்தது என்று கூறிவிட முடியாது. ஆய்வகக் குடுவையும் மனித உடலும் ஒன்றல்ல. ஆயினும், பாலாற்று மாசு தொடர்பாக 1996-இல் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வகுத்த முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, குரோமியத்துக்கும் உப்புக்கும் மட்டும் உரியதன்று என்பது என் கருத்து.

மீண்டும் அந்த ஐந்தாண்டு மாத்திரைக்கு வருவோம். டமாக்சிஃபென் எல்லார்க்கும் பயன் தராது. கட்டியில் ஏற்பி இருக்கிறதா என்று திசுப் பரிசோதனை செய்தாக வேண்டும். இருந்தால் மருந்து, இல்லையேல் அது வீண். மாத்திரையின் விலை சொற்பம். அதற்கு மதிப்பைத் தருவது இந்தப் பரிசோதனை. எனவே பரிசோதனை முகாமில் கட்டி கண்டறியப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏற்பிச் சோதனையின் முடிவு அவருடைய சீட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உறவினரும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, தொடர்ந்து உட்கொள்வது. வளர்ந்த நாடுகளிலேயே கணிசமான பெண்கள் ஐந்தாண்டு முடியுமுன் நிறுத்திவிடுகிறார்கள். உடல் திடீரென அனலாகக் கொதிப்பதும், வியர்ப்பதும், மனம் சோர்வதும் காரணங்கள். நோய் கண்ணுக்குத் தெரியவில்லை, மருந்தின் தொல்லை மட்டும் தெரிகிறது என்னும்போது நிறுத்தத் தோன்றுவது இயல்பே. சொல்லிக்கொள்ளக் கூசும் தொல்லைகளும் உண்டு. மாதவிடாய் நின்ற பின்னர் உதிரம் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருப்பை உட்சுவரில் புற்று தோன்றும் வாய்ப்பை இம்மருந்து சற்றே கூட்டுகிறது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டாலும் அப்படியே. கருவுறும் வயதில் உள்ளவர்கள் இம்மருந்தை உட்கொள்ளும் காலத்தில் கருவுறக் கூடாது. அதற்கு இயக்குநீர் கலவாத கருத்தடை முறையை நாட வேண்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், டமாக்சிஃபெனை உடல் தனக்கேற்ற வடிவில் மாற்றிக்கொள்வதைக் கெடுத்துவிடும் என்பதால், உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் கூறிவிட வேண்டும்.

ஆனால், நம் வட்டாரத்தில் மாத்திரை நின்றுபோவதற்கு இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. மாத்திரை வாங்க ஒரு நாள் ஆகிறது என்பதே அது. ஊர்ப் பேச்சில் ‘ஷூ கம்பெனி’ என்றழைக்கப்படும் காலணித் தொழிற்சாலைகளின் தையல் பிரிவுகளில் பெரும்பாலோர் பெண்களே. மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் விடுப்பென்றால் ஒரு நாள் கூலி போயிற்று; பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலி தனி. மருந்தின் உண்மையான விலை சீட்டில் அச்சிட்ட விலையன்று. இவை அனைத்தும் சேர்ந்ததே. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு, தகுதிக்காலம் நிறைவு செய்தவர்கள் கூலியில் 80 விழுக்காடு அளவில் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிக்கப்பட்ட நோய்ப்படி பெறலாம். இதை அறியாத தொழிலாளர் பலர். ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் தரகர் கொண்டுவந்து தரும் காலணி மேற்பகுதிகளை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையால் தைக்கும் பெண்களுக்கோ இந்தப் பாதுகாப்பும் இல்லை. ஜோடிக் கணக்கில் கூலி. விடுப்பு என்ற சொல்லே அங்கு இல்லை.

இதற்குப் புதிதாக ஓர் அமைப்பை உருவாக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை இல்லம் தேடிச் சென்று கொடுக்கிறார்கள். வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. அதே பையில் டமாக்சிஃபெனும் இருக்கலாம். மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலரே மூன்று கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: உதிரம் கண்டதா, கால் வீங்கியதா, இந்த மாதம் எத்தனை நாள் மாத்திரை தவறியது? ஆண் மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் விடைகள் வாசற்படியில் எளிதாக வந்துவிடும். மருந்தைத் தொகுத்துக் கொள்முதல் செய்வதில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இந்தக் கூடுதல் செலவு பொருட்டாகாது. பரிசோதனைத் திட்டம் முதலில் தொடங்கிய ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலேயே இதையும் தொடங்கலாம். யாரிடம் கட்டி கண்டறியப்பட்டது என்ற பட்டியல் அங்கே ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கிராம சுகாதாரச் செவிலியர்கள் அதே வீடுகளில் இளம் தாய்மாரைச் சந்திக்கும்போது சாயா மாத்திரையைப் பற்றியும் சொல்லலாம். நாள் தள்ளிப்போகக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு. தொழிற்சாலைப் பேருந்து எங்கள் ஊர்ச் சாலையில் விடியற்காலையில் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதில்லை. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையையே குறித்துக்கொடுக்கலாம்.